ஃப்ளாஷ் எரியாத பதினொரு படங்கள்

ஆகஸ்ட் 21

இந்த டைரி ரைஸ் மில்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஏழு மாதமாக மேசைக்கு அடியில் கிடந்தது. எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. மதுரையில் ட்ரிகர் விற்றவர் எழுதச் சொல்லிவிட்டார். "சும்மா எரியல எரியலன்னு போன் பண்ணாதீங்கண்ணே. என்னைக்கு, எங்க, எத்தனை தடவை எரியலன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க, பாப்போம்" என்றார். பழுதுக்கு ஜாதகம் கேட்கிறார். எழுதிவிட்டுப் போகிறேன்.

விஷயம் இதுதான். கேமராவின் தலையில் ஒரு சின்னப் பெட்டி. ஃப்ளாஷுக்கு அடியில் இன்னொரு சின்னப் பெட்டி, அது ரிசீவர். இரண்டும் சேர்ந்ததுதான் ட்ரிகர். நான் பட்டனை அழுத்தினால் மேல் பெட்டி ரேடியோவில் சொல்லும், கீழ் பெட்டி கேட்டுக்கொண்டு ஃப்ளாஷை எரிக்கும். நடுவில் ஒயர் கிடையாது. ஃப்ளாஷைக் கம்பின் நுனியில் மாட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது என் மனைவி ஆவுடைத்தாய். ஒயர் இருந்த காலத்திலிருந்தே பிடிக்கிறாள். அந்த ஒயரில் தடுக்கி ஒரு மாப்பிள்ளையின் பெரியப்பா தாம்பூலத் தட்டோடு விழுந்தார். அதற்குப் பிறகுதான் இந்த ரேடியோ வாங்கினேன். அவள் கம்பு பிடிக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

எங்களுக்குள் பேச்சே தேவையில்லை. நான் தாடையை லேசாகத் தூக்கினால் கம்பு மேலே போகும். இடது பக்கம் பார்த்தால் ஆவுடை இடது பக்கம் போயிருப்பாள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தப் படக்காரனுக்கும் இப்படி ஆள் இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள்.

இன்று ஒரு நிச்சயதார்த்தம். பதினைந்தடி தூரம். ஒன்பது படத்தில் எரியவில்லை. கருப்பாக வந்ததை அங்கேயே அழித்துவிட்டேன். கெட்ட படத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் கொள்கை.

ஆகஸ்ட் 25

சடங்கு வீடு. நான்கு எரியவில்லை. பேட்டரி புதிது.

ஆகஸ்ட் 27

வேலை இல்லை. ரிசீவரின் பித்தளை முனைகளை ரப்பர் வைத்துத் தேய்த்தேன். ஃப்ளாஷை அடுக்களையில் அரிசி டின் மேல் வைத்து, வாசலில் நின்று ஐம்பது தடவை அடித்தேன். ஐம்பதும் எரிந்தது. ஆவுடை சட்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். "வீட்டுல நல்லாத்தான எரியுது. கல்யாண வீட்டுல ஆளப் பாத்தா வெக்கப்படுது போல" என்றாள்.

கொல்லையில் துணி காயப்போடும் கொடியை ஒரு சாண் இறக்கிக் கட்டச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். காற்றில் சேலை பறக்கிறதாம். ஆவணியில் என்ன காற்று? கட்டிக்கொடுத்தேன்.

செப்டம்பர் 4

பெரிய முகூர்த்தம். மேல மண்டபத்திலும் கல்யாணம், கீழ மண்டபத்திலும் கல்யாணம். பதினான்கு எரியவில்லை. மேலே படம் எடுக்கிறவனும் என் சானலில் இருக்கிறானோ என்று மூன்றை மாற்றிப் பதினொன்றில் வைத்தேன். ஒரே சானலில் இருந்தால் அவன் அங்கே அழுத்த, நம் ஃப்ளாஷ் இங்கே எரியும். நான்கு வருஷம் முன்பு அப்படி நடந்து ஆவுடை பயந்து துள்ளினாள். அன்று முழுக்க அதைச் சொல்லியே அவளைக் கேலி செய்தேன். இன்று அந்தக் கதை இல்லை. நம் ஃப்ளாஷ் தானாகவும் எரியவில்லை, நான் சொல்லியும் எரியவில்லை.

இன்னொன்று. ஆவுடை கம்பை இடது கையில் பிடிக்கிறாள். வலது கைதானே அவளுக்குப் பலம்? கேட்டதற்கு வளையல் உரசுகிறது என்றாள். நேற்றுப் போட்ட வளையலா அது? வேலையில் கவனம் குறைகிறது. நாளும் குறித்து எழுதியாயிற்று.

செப்டம்பர் 6

மதுரைக்காரர் நல்ல மனிதர். பஸ்ஸில் புது ரிசீவர் போட்டுவிட்டிருந்தார். ஸ்டாண்டில் போய் வாங்கிவந்தேன்.

பக்கத்து வீட்டு மருமகள் ஆவுடைக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தாள். என்ன புதுசாக என்றேன். "எனக்கும் ஒரு ஆசதான்" என்றாள் ஆவுடை.

செப்டம்பர் 8

காதுகுத்து. புது ரிசீவரிலும் ஆறு எரியவில்லை. இரண்டு ரிசீவரும் ஒரே மாதிரிக் கெட்டுப்போகுமா? அப்படியானால் மேல் பெட்டிதான் பழுது. ஆவுடையும் அதையேதான் சொன்னாள். மேல் பெட்டியை மாற்றிப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். இவளுக்கு எப்போதிலிருந்து இந்த ஞானம் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11

கோவில்பட்டியில் கதிரேசன் தங்கச்சி கல்யாணம். இந்த ஆவணியின் கடைசிப் பெரிய வேலை. கதிரேசன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். மணமக்களுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரவேண்டும், தலைமுடி ஓரமெல்லாம் மின்ன வேண்டும் என்று போனில் படம் காட்டிச் சொன்னார். சரி என்று ஆவுடையை மேடையின் பின்பக்கம், வாழைமரத்தை ஒட்டி நிற்கச் சொன்னேன். அங்கே நின்றால் அவளும் படத்துக்குள்தான் வருவாள். ஆனால் ஃப்ளாஷ் எரியும்போது அந்த இடம் வெள்ளையாகப் பொங்கிவிடும், ஆள் தெரியாது. மிச்சத்தை நான் ஓரத்தில் வெட்டிவிடுவேன்.

தாலி கட்டி முடிந்ததும் மாலை மாற்றுகிற நேரம். வரிசையாகப் பதினொரு படம் எரியவில்லை. பதினொன்று! கெட்டிமேளம் அடங்கி எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கம்பத் தூக்கிப் பிடிளா! தூங்குதியா?" என்று மேடையில் வைத்தே கத்திவிட்டேன். அதன்பிறகு எரிந்தது. சாப்பாட்டுப் பந்தி, குடும்பப் படம் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், ஒன்றுகூடத் தவறவில்லை. ஆக, பெட்டியில் பழுது இல்லை, இவள் கவனக்குறைவுதான். மதுரைக்காரரை வீணாகத் தொந்தரவு செய்தேன்.

இன்னொரு எரிச்சல். கெட்ட படங்களை அழிக்க உட்கார்ந்தபோது கதிரேசன் லேப்டாப்போடு வந்துவிட்டார். கார்டில் இருக்கிற அத்தனையும் அப்படியே வேண்டுமாம், நல்லது கெட்டது எதையும் அழிக்கக் கூடாதாம். சமைத்தவனிடம் வந்து குப்பைக் கூடையையும் காட்டு என்கிற மாதிரி இருந்தது. கொடுத்துத் தொலைத்தேன். அவர் போனதும் என் கார்டில் இருந்த கெட்ட படங்களை அழித்தேன்.

பஸ்ஸில் ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். கம்புப் பையை என்னைத் தூக்கச் சொன்னாள். எப்போதும் அவள்தான் தூக்குவாள். கோபம் போல.

செப்டம்பர் 12

பேசவில்லை. நானும் பேசவில்லை. தயிர்ச்சோறு வைத்தாள். மேல் தட்டிலிருந்த ஊறுகாய் ஜாடியை நான்தான் எடுத்தேன்.

செப்டம்பர் 20

புரட்டாசி பிறந்துவிட்டது. நம் ஆட்களுக்கு ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. எங்களுக்கு இதுதான் லீவு. ஆவுடை பகலிலும் படுத்திருக்கிறாள். படுக்கட்டும்.

கம்பு பிடிக்க ஆளே வேண்டாம் என்று ஒரு ஸ்டாண்டு வாங்கிவிட்டேன். மூன்று கால், நெட்டையாக நிற்கும். ஆவுடை சுற்றிவந்து பார்த்தாள். "நல்லா இருக்கு. இது வாயத் தொறந்து பேசுனாத்தான் உங்களுக்குக் கஷ்டம்" என்றாள். பத்து நாளில் அவள் பேசிய முதல் கேலி. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

செப்டம்பர் 26

பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் கல்யாணம். அவர்களுக்குப் புரட்டாசி கிடையாது. ஆவுடை வரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நான் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. ஸ்டாண்டில் வைத்து முந்நூற்றுப் பத்துப் படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அதே பெட்டி, அதே சானல், முப்பதடி தூரம்.

திரும்பும் வழியில் மதுரைக்காரருக்குப் போன் போட்டு, பழுது சரியாகிவிட்டது என்றேன். கம்பை யார் பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று கேட்டார். உடம்போடு அணைத்துப் பிடித்தாலோ ரிசீவரைக் கையால் பொத்தினாலோ எரியாதாம். "மனுச ஒடம்பு பூராத் தண்ணிண்ணே. இந்த ரேடியோவ அப்படியே குடிச்சிரும். தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார்.

வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் பெட்டியைப் பொத்திப் பிடித்தாயா என்று கேட்டேன். கம்பைச் சுருக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாயா என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, பழுது தெரிந்துவிட்ட சந்தோஷத்தில்தான் கேட்டேன். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"தூக்க முடியலங்க. கை மேல போவ மாட்டேங்குது. முகூர்த்தமெல்லாம் முடியட்டும், புரட்டாசி வந்தா சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

கதவைச் சாத்திவிட்டுக் காட்டினாள். வலது அக்குளில், மார்பு ஓரத்தில் ஒரு கட்டி.

மேற்கொண்டு எழுதவில்லை.

செப்டம்பர் 28

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். எவ்வளவு நாளாகக் கை தூக்க முடியவில்லை என்று கேட்டார். ஆவுடை ஒரு மாசமா என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் எனக்கு எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். டாக்டரம்மா கேட்டது எல்லாம் இதில் இருக்கிறது. தேதி போட்டு, எத்தனை தடவை என்று எண்ணி, தூரம் முதற்கொண்டு என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கொடி இறக்கினது இருக்கிறது. தலைபின்னினது இருக்கிறது. பெட்டிக்கு என்ன நோய் என்று ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். என்னை என்ன சொல்ல.

அக்டோபர் 9

சதையை எடுத்து அனுப்பினதற்கு முடிவு வந்தது. அதுதான். கழுத்துப் பக்கமும் பரவிவிட்டதாம். முன்னாடியே வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாரிடமும் சொல்வதுதான் என்று ஆவுடை என்னைத் தேற்றினாள்.

அக்டோபர் 30

இரண்டாவது ஊசி. நான் சமைக்கிறேன். ரசத்தில் உப்பில்லை, அவளும் சொல்லவில்லை, நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. துணி துவைத்து, அந்த இறக்கின கொடியிலேயே காயப்போட்டேன். எனக்கு அது நெஞ்சளவுதான் வருகிறது. ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறாள். கட்டவில்லை.

நவம்பர் 14

ஐப்பசி முகூர்த்தங்களை எல்லாம் வேறு ஆளுக்கு விட்டுவிட்டேன்.

இன்று வாசலில் நல்ல வெயில். ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெளிச்சம் அழகாக விழுந்தது. உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்தேன். அவள் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, "முடி வளரட்டுங்க. இப்ப வேண்டாம்" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டுக் கேமராவை உள்ளே வைத்தேன். எப்போதும் அவள் பேச்சைக் கேட்காதவன், இன்றைக்கு மட்டும் கேட்டேன்.

டிசம்பர் 3

வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 20

தை பிறந்து முதல் முகூர்த்தம். போகமாட்டேன் என்றேன். போய்த்தான் ஆகவேண்டும் என்று ஆவுடை ஒற்றைக்காலில் நின்றாள். நிற்கவே முடியாதவள். அவள் தம்பி ஆறுமுகநயினார் வந்து கூட இருந்தான், போனேன்.

எல்லாப் படத்திலும் ஃப்ளாஷ் எரிந்தது. ஒரு தடவை வெளிச்சம் கொஞ்சம் மேலே போகவேண்டியிருந்தது. தாடையைத் தூக்கினேன். ஸ்டாண்டு சும்மா நின்றது. இன்னொரு தடவையும் தூக்கினேன். பிறகுதான் நினைவு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வந்து ஆவுடையிடம் சொன்னேன். சிரித்தாள், இருமலோடு. "அதுக்கும் பன்னெண்டு வருசம் குடுங்க, பழகிரும்" என்றாள்.

பிப்ரவரி 2

என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று கோவில்பட்டியில் எல்லார் முன்னாலும் ஏசினீர்களே, அது மட்டும் கொஞ்சம் வருத்தம் என்றாள். மன்னிச்சிரு என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

பிப்ரவரி 9

காலை ஆறு நாற்பது. ஆவுடை போய்விட்டாள்.

பிப்ரவரி 11

அன்றைக்கே நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஆறுமுகநயினார் படம் கேட்டான். "அத்தான், அக்கா போட்டோ ஒண்ணு குடுங்க. நல்லதாக் குடுங்க" என்றான். என் கம்ப்யூட்டரில் நாலாயிரம் குடும்பம் இருக்கிறது. அவள் படம் ஒன்று இல்லை. எங்கள் கல்யாணப் படத்தில் அவளுக்குப் பத்தொன்பது வயது, அதில் இருக்கும் பெண்ணை இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் அவள் கையில் என் கம்பு இருந்தது. அவளிடம் இருந்ததோ பட்டன் போன்.

கடைசியில் அவன் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி ஒட்டிவிட்டான். எங்கள் தெரு முனையில் இருக்கிறது. கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, யாரோ மாதிரி. படக்காரன் பொண்டாட்டி. அந்தப் பக்கம் போகாமல் சுற்றி வருகிறேன்.

பிப்ரவரி 19

பழைய கல்யாணங்களை எல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் எங்காவது இருப்பாளா என்று. கம்பு இருக்கிறது, ஒரு படத்தில் அவள் முழங்கை இருக்கிறது, ஒன்றில் சேலை நுனி. முகம் வந்த இடமெல்லாம் வெள்ளை. ஃப்ளாஷ் எரிந்தால் அதற்குப் பின்னால் இருக்கிறவள் தெரியமாட்டாள். எரியாமல் போனால்தான் தெரிவாள். எரியாததை எல்லாம் நான் அன்றன்றே அழித்துவிட்டேன். கெட்ட படத்தை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன் அல்லவா.

சாயங்காலம் திடீரென்று கதிரேசன் நினைவு வந்தது. உடனே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாப் படமும் கோவில்பட்டி வீட்டில் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, எதையும் அழிக்கவில்லை, அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அன்று அவர்மேல் எரிச்சல்பட்டதை மேலே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 22

வாங்கி வந்துவிட்டேன். நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அதற்குள் அவள் படத்துக்குச் சட்டம் போட வேண்டும்.

பதினொரு படமும் இருக்கின்றன. திறந்தால் கருப்பு. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். புள்ளி புள்ளியாக, மங்கலாக, வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஆவுடை வந்தாள். அரக்குச் சேலை. கம்பைச் சுருக்கி, ஃப்ளாஷை நெஞ்சோடு அணைத்து, விழுந்துவிடாமல் ரிசீவரை இடது கையால் பொத்திப் பிடித்திருக்கிறாள். வலது கை தொங்குகிறது.

முதல் ஐந்தில் கண்ணை மூடியிருக்கிறாள். ஆறாவதில் தலையை வாழைமரத்தில் சாய்த்திருக்கிறாள். ஏழில் உதட்டைக் கடித்திருக்கிறாள். ஒன்பதாவதில் நிமிர்ந்து நேராக என்னைப் பார்க்கிறாள். என் தாடையைத்தான் பார்க்கிறாள், மேலேயா கீழேயா என்று. களைத்த முகம்தான், ஆனால் அதுதான் அவள். தெருவில் போகிற யாரும் பார்த்தவுடன் ஆவுடை என்பார்கள். சட்டத்துக்கு அது போதும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தையும் பார்த்தேன்.

பத்தாவதில் மணப்பெண் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பியிருக்கிறாள். மாப்பிள்ளையும் திரும்பியிருக்கிறார். நான் கத்தினது அப்போதுதான். ஆவுடையின் வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

பதினொன்றாவதில் அவள் கம்பைத் தூக்குகிறாள். தொங்கும் வலது கையையும் கம்பையும் இடது கையால் சேர்த்துப் பிடித்து மேலே தள்ளுகிறாள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கண்ணில் நீர் நிற்பது இவ்வளவு மங்கலிலும் தெரிகிறது. ஃப்ளாஷ் அவள் நெற்றி வரைக்கும் ஏறிவிட்டது. இன்னும் ஒரு சாண்தான்.

பன்னிரண்டாவது படத்தில் ஃப்ளாஷ் எரிந்திருக்கிறது. மணப்பெண்ணின் தலைமுடி ஓரமெல்லாம் கதிரேசன் கேட்ட மாதிரியே மின்னுகிறது. ஆல்பத்தின் அட்டைக்கு நான் எடுத்துக்கொடுத்தது அந்தப் படம்தான். வாழைமரத்துக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை வெளிச்சம்.